இறால் வீட்டு வாசலில் உளுவை நின்ற வரலாறு

பாற்கடலைப் படுக்கையாகவும் அதன் அலையைத் தாலாட்டாகவும் கொண்ட பெருமானின் திருவடிகளை முதலில் வணங்குவோம். மறைகளை மீட்க மீனின் வடிவம் போதும் என்று எண்ணியவன் அவன். மலையைத் தாங்க ஆமையின் முதுகு போதும் என்று எண்ணியவன். செதிலும் ஓடும் அல்லவா அவனுக்கு உகந்த ஆடைகள் ஆயின! ஆகையால் நீரில் வாழும் சிற்றுயிர்களின் கதையைச் சொல்லுவதும் அவன் புகழில் ஒரு துளியே என்று துணிந்து தொடங்குகிறோம். பிழை இருப்பின் அது நம்முடையது. சுவை இருப்பின் அவனுடையது.

அந்தக் காலத்தில், மீனும் நண்டும் நத்தையும் வாய்விட்டுப் பேசிக்கொண்ட காலத்தில், தென்கடலின் பவளப் பாறை ஒன்றின் அடிவாரத்தில் திருமேனி என்னும் இறால் வாழ்ந்துவந்தான். உடல் ஒரு விரல் நீளமே. ஆனால் இரு கொடுக்குகளில் ஒன்று அந்த உடலுக்குச் சற்றும் பொருந்தாத பெருங்கொடுக்கு. அதை அவன் சொடுக்கினால் வெடி வெடித்தாற்போல் ஓசை எழும். கூடவே ஒரு தீப்பொறியும் பறக்கும். அவனுடைய கண்களோ அதைவிடப் பேர்பெற்றவை. பாறையின் மறுகோடியில் நத்தை கொட்டாவி விட்டால், இங்கிருந்தபடியே அதன் பற்களை எண்ணிவிடுவான்.

மணலைத் தோண்டி வளை அமைப்பதில் அவனுக்கு நிகரானவர் அந்தக் கடலில் இல்லை. குறை ஒன்றே ஒன்று. தன் வீட்டைப் பற்றி எவர் எதைச் சொன்னாலும் நம்பிவிடுவான். வழியே போன நண்டு ஒன்று, "வாசல் மேற்கே பார்க்கிறதே!" என்று சொல்லிவிட்டுப் பக்கவாட்டில் நடந்து சென்றது. சொன்னவர் தாம் போகும் திசையையே பார்க்காதவர் என்பதைத் திருமேனி எண்ணவில்லை. அன்றே வாசலைக் கிழக்கே திருப்பினான். தன் வீட்டைத் தானே சுமந்து திரியும் நத்தை, "கூரை தாழ்ந்திருக்கிறது" என்றது, கூரை உயர்ந்தது. "வீட்டுக்கு ஐந்து மூலை இருப்பதே உத்தமம்" என்றது நட்சத்திர மீன். ஐந்தாவது மூலையும் தோண்டப்பட்டது.

திருமேனியின் மனைவி செங்கமலம் வயிற்றின் அடியில் நூற்றுக்கணக்கான முட்டைகளைச் சுமந்துகொண்டிருந்தாள். அவளுடைய பொறுமை கரைந்துகொண்டே வந்தது.

"இதோ பாருங்கள்" என்றாள் ஒருநாள். "இன்னும் ஏழு நாளில் முட்டை பொரிந்துவிடும். அதற்குள் இந்த வீடு ஓரிடத்தில் நிற்குமா, நிற்காதா? நேற்று நான் படுத்த இடத்தில் இன்று வாசல் இருக்கிறது. புரண்டு படுத்தால் தெருவில் கிடக்கிறேன்."

"இதுவே கடைசி, செங்கமலம். ஐந்தாம் நாள் புதுமனை புகுவிழா. அதன்பின் ஒரு மணலைக்கூட அசைக்கமாட்டேன்."

விழா என்ற சொல் நீரில் வேகமாகப் பரவும். அழைப்பு எவருக்கும் போகுமுன்பே ஒரு விருந்தாளி வந்துவிட்டான். அவன் சேந்தன் என்னும் உளுவை மீன். உச்சந்தலையில் இரு கண்கள், அவற்றின் கீழே அகன்ற வாய், அந்த வாய்க்கு ஓய்வென்பதே இல்லை. சொந்தமாக ஒரு பொந்துகூட இல்லாதவன்.

"அக்கா! அத்தான்! நலந்தானே?" என்றபடி நேரே உள்ளே வந்து அமர்ந்தான்.

"யாருக்கு யார் அக்கா?" என்றாள் செங்கமலம். "எனக்குப் பத்துக் கால், உனக்கு ஒரு காலும் இல்லை. எந்த வழியில் உறவு?"

"ஒரே அலையில் ஆடுகிறோமே அக்கா, இதைவிட நெருங்கிய உறவு எங்கே இருக்கிறது? சரி, இன்று என்ன சமையல்?"

அன்று முழுவதும் பேசினான். மறுநாளும் பேசினான். "விருந்தும் மருந்தும் மூன்று நாள்" என்று செங்கமலம் சுவரைப் பார்த்துச் சொன்னாள். "நான் வந்து இரண்டு நாள்தானே அக்கா ஆகிறது" என்று சுவருக்குப் பதிலாக அவனே விடை சொன்னான். இறுதியில் அவள், "நீ பேசப் பேசக் கூரையிலிருந்து மணல் உதிர்கிறது. பேசுவதாக இருந்தால் வாசலில் நின்று பேசு" என்று வெளியே அனுப்பினாள்.

அவனுக்கு அதில் வருத்தமே இல்லை. வாசலில் நின்றபடி உலக நடப்பை உள்ளே அறிவித்துக்கொண்டிருந்தான். "அத்தான், கிளிமீன் போகிறது." சற்று நேரம் கழித்து, "அத்தான், அந்தக் கிளிமீன் திரும்பி வருகிறது." இப்படியே பொழுது போயிற்று.

மூன்றாம் நாள் அவன் அறிவித்தது வேறொன்று. "அத்தான், அஞ்சாலை வருகிறார்."

பாறைப் பொந்துகளில் வாழும் பெரிய விலாங்கையே கடலோரத்தார் அஞ்சாலை என்பார்கள். கை தடிமன் உடல், முட்டி அளவு தலை. செங்கமலத்தின் முட்டைகளின் மணம் அவருடைய மூக்கை எட்டி இரண்டு நாளாயிற்று. வீட்டு வாசலோ இரண்டு விரல் அகலமே. ஆகவே அவர் பசியை உள்ளே மடித்து வைத்துவிட்டு, மனை நூல் கற்ற வித்தகராக வந்து சேர்ந்தார். வளையைச் சுற்றி ஒருமுறை மெதுவாக வளைந்து வந்தார்.

"வீடு நன்று. அமைப்பும் நன்று. ஆனால்..." என்றார்.

அந்த 'ஆனால்' என்ற ஒரு சொல்லுக்கே திருமேனி தோண்டுவதற்குக் கொடுக்கைத் தூக்கிவிட்டான்.

"சொல்லுங்கள் ஐயா."

"புதுமனையில் முதலில் பசு அல்லவா அடி வைக்க வேண்டும்? பசுவுக்கு ஏற்பாடு செய்துவிட்டாயா?"

"கடலில் பசுவுக்கு எங்கே போவேன் ஐயா?"

"கடற்பசு இருக்கிறதே. அதோ, கடற்புல் வெளியில் மேய்ந்துகொண்டிருக்கிறது."

"அது படகளவு இருக்குமே!"

"சாத்திரம் பசு என்றுதான் சொல்லுகிறது, படகளவு இருந்தால் வேண்டாம் என்று சொல்லவில்லை. முழுவதும் வர வேண்டாம், தலையை நீட்டினால் போதும். பசு எட்டிப் பாராத வீட்டில் முட்டை பொரியாது என்பது பெரியோர் வாக்கு. நான் சொல்லவில்லை, அப்பா. எனக்கென்ன? வாசலைச் சற்று அகலப்படுத்து. நான் அவ்வப்போது வந்து பார்க்கிறேன்."

முட்டை பொரியாது என்ற சொல் திருமேனியின் நெஞ்சைத் தைத்துவிட்டது. அவன் தோண்டத் தொடங்கினான்.

"இறால் வீட்டுக்குப் பசுவா?" என்று செங்கமலம் தலையில் அடித்துக்கொண்டாள். எந்தக் காலால் அடித்துக்கொள்வது என்று முடிவு செய்யவே அவளுக்குச் சற்று நேரம் ஆயிற்று.

"அத்தான்" என்றான் சேந்தன் வாசலிலிருந்து, "அந்த ஐயா உங்கள் வாசலைப் பார்க்கவில்லை. அக்காவின் வயிற்றைப் பார்க்கிறார்."

"அபசாரம் பேசாதே. அவர் எப்பேர்ப்பட்ட பக்திமான்! அவருடைய வாயைக் கவனித்தாயா? ஒரு கணமும் ஓயாமல் திறந்து மூடுகிறது. எந்நேரமும் நாம ஜெபம்."

"அத்தான், அது ஜெபம் இல்லை. பசி."

"நீயும்தான் எந்நேரமும் வாயைத் திறந்து மூடுகிறாய். அதனால் உன்னை அடியார் என்று எவராவது சொன்னார்களா? உள்ளே ஏதாவது இருந்தால்தான் முகத்தில் தெரியும்."

அன்றும் மறுநாளும் சேந்தன் நூறு முறை சொன்னான். ஓயாமல் பேசுகிறவன் சொல்லும் உண்மை, அவன் சொன்ன கிளிமீன் கதைகளோடு சேர்ந்து மிதந்து போய்விட்டது.

திருமேனி கடற்பசுவை நேரில் சென்று அழைத்தான். சாதுவான உயிர், அழைத்தவருக்கு மறுக்கத் தெரியாது. "தலையை நீட்டினால் போதும் அல்லவா? மேய்ந்துகொண்டே வருகிறேன்" என்றது.

ஐந்தாம் நாள் காலை. வாசல் ஒரு முட்டியும் சற்று மேலும் அகன்றிருந்தது. அஞ்சாலை வந்து அதைத் தலையால் அளந்து பார்த்து, "போதும்" என்றார்.

"கடற்பசுவின் மூக்குக்கூட நுழையாதே, ஐயா?"

"போதும் என்றால் போதும். இனி விதியைக் கேள். பசு வரும்போது வீட்டுக்காரன் பார்க்கலாகாது. வாசலுக்கு முதுகைக் காட்டிக் கண்களை மூடிக்கொண்டு நில். இல்லத்தரசி ஐந்தாவது மூலையில் அமரட்டும். நான் சொல்லும்வரை எவரும் அசையக்கூடாது."

திருமேனி அவ்வாறே உள்ளே சென்று நின்றான். அவனுடைய நீண்ட மீசை ஒன்று பின்பக்கம் வளைந்து, வாசலில் நின்ற சேந்தனின் வால்மேல் படிந்து கிடந்தது. செங்கமலம் மூலைக்குப் போகுமுன், "சும்மா பேசும் வாய்க்கு ஒரு வேலை தருகிறேன், இந்த மணலை அள்ளி வெளியே கொட்டு" என்று கட்டளையிட்டிருந்தாள். சேந்தன் வாய் கொள்ளுமளவு மணலை அள்ளிக்கொண்டு நிமிர்ந்தான்.

நிமிர்ந்தவன் கண்டது இது: கடற்பசு தொலைவில் நிதானமாகப் புல் மேய்ந்துகொண்டிருந்தது. அஞ்சாலையோ அருகில் இருந்தார். அதுவரை ஓயாமல் திறந்து மூடிய வாய், இப்போது மூடாமல், அகலத் திறந்தபடி வாசலை நோக்கி வந்தது. ஜெபம் முடிந்து நைவேத்தியத்துக்கு வந்துவிட்டார்.

சேந்தன் கத்தினான். மணல் அடைத்த வாயிலிருந்து "ம்ம்" என்ற ஓசையன்றி வேறெதுவும் வரவில்லை. பிறந்த நாள்முதல் பேச்சுக்குப் பஞ்சமே அறியாதவன், பேச்சு வேண்டிய அந்த ஒரு கணத்தில் ஊமையானான். ஓடியிருக்கலாம். வீடில்லாதவனுக்குக் கடல் முழுவதும் வழிதானே? ஒரு நொடி அவன் துடுப்புகள் அந்தப் பக்கம் அசைந்ததும் உண்மை. ஆனால் ஓடவில்லை. இருந்த இடத்தில் நின்று, வாலை ஓங்கி, தன்மேல் கிடந்த மீசையில் பளீரென்று ஓர் அடி அடித்துவிட்டு உள்ளே பாய்ந்தான்.

மீசையில் அடி விழுந்தால் எவன்தான் கண்ணை மூடிக்கொண்டிருப்பான்? திருமேனி விழித்துத் திரும்பினான். பசுவின் முகம் இல்லை. பற்கள் இருந்தன. அவை அவனைத் தாண்டி ஐந்தாவது மூலையை நோக்கிச் சென்றுகொண்டிருந்தன. செங்கமலம் முட்டைகளைக் கால்களால் அணைத்துக்கொண்டு சுவரோடு ஒட்டியிருந்தாள்.

அந்த இடுக்கில் கையை ஓங்க இடமில்லை. கொடுக்கு அவன் முகத்தருகே மடங்கியிருந்தது. அவன் அதை எண்ணிப் பார்க்கவில்லை. உடலின் வலிமை முழுவதையும் கூட்டிச் சொடுக்கினான்.

பாறை அதிர்ந்தது. கிளிமீன்கள் திசைக்கொன்றாய்ப் பறந்தன. நெற்றியில் அடி வாங்கிய அஞ்சாலை தலை சுழன்று பின்வாங்கினார். வெளியே வந்ததும் தள்ளாடியபடியே, "இன்று கரிநாள். அதைப் பார்க்கத் தவறிவிட்டேன்" என்று எவருக்கோ சொல்லிவிட்டுத் தம் பொந்தை நோக்கிச் சென்றார். அளவுக்கு மீறி அகன்ற வாசலின் கூரை சரிந்து அவருக்குப் பின்னால் மூடிக்கொண்டது.

சற்றைக்கெல்லாம் கடற்பசு வந்து சேர்ந்தது. "வந்துவிட்டேன். வீடு எங்கே?" என்று மணற்குவியலைப் பார்த்துக் கேட்டது.

"நீங்கள் இவ்வளவு தூரம் வந்ததே போதும், அம்மா. நிறைந்த மனத்தோடு போய் வாருங்கள்" என்று உள்ளிருந்து செங்கமலத்தின் குரல் மட்டும் கேட்டது. "அழகான வீடு" என்று சொல்லிவிட்டு அது மேயப் போயிற்று.

உள்ளே திருமேனி கேட்டான்: "விளக்கை யார் அணைத்தது?"

விளக்கு எதுவும் அங்கே இருந்ததில்லை. சரிந்த மணலின் இடுக்கு வழியே பகல் வெளிச்சம் உள்ளே வந்துகொண்டுதான் இருந்தது. செங்கமலம் அவன் முகத்தின் முன் ஒரு காலை ஆட்டிப் பார்த்தாள். அவன் அசையவில்லை. கண்ணருகே பறந்த பொறி அந்தப் பேர்பெற்ற பார்வையைக் கொண்டுபோய்விட்டது. மங்கலான நிழல் மட்டுமே மிஞ்சியது.

"முட்டைகள்?" என்றான்.

"ஒன்றுகூடக் குறையவில்லை."

"அப்படியானால் சரி" என்றான் திருமேனி. "ஆனால் இனி வெளியே போய் எப்படி இரை தேடுவேன்? எதிரே நிற்பது பசுவா, பற்களா என்று எப்படி அறிவேன்?" என்றபோது அவன் குரல் தாழ்ந்துவிட்டது.

சேந்தன் வாயிலிருந்த மணலை அப்போதுதான் துப்பி முடித்திருந்தான். "அக்கா, எனக்கு மூன்று நாளைக்கு மேலேயே ஆகிவிட்டது. நான் புறப்படட்டுமா?" என்றான்.

"எங்கே புறப்படுகிறாய், தம்பி?" என்றாள் செங்கமலம். அவள் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது அதுவே முதல்முறை. "நூறு முறை வாயால் சொன்னாய், உன் அத்தான் கேட்கவில்லை. வாலால் ஒரு முறை சொன்னாய், கேட்டுவிட்டார். இங்கேயே இரு. அவர் தோண்டட்டும், நீ வாசலில் நின்று பார். அவர் மீசை உன்மேல் இருக்கட்டும். ஆபத்து வந்தால் வாலால் சொல். வீடும் சோறும் உனக்கு உண்டு."

"வாயால்?"

"வாயால் ஒரு சொல்லும் கூடாது."

சேந்தன் நெடுநேரம் சிந்தித்தான். மணல் இடுக்குக்கு அப்பால் கிளிமீன் ஒன்று கடந்து போயிற்று. அவன் உதடு துடித்தது. பின் வாயை இறுக மூடிக்கொண்டு, வாலை ஒருமுறை மெல்ல அசைத்தான். அதுவே சம்மதம்.

வாசல் மறுபடி இரண்டு விரல் அகலத்துக்குச் சுருங்கியது. அன்றிலிருந்து இரண்டாம் நாள் முட்டைகள் பொரிந்தன; பசு எட்டிப் பாராத குறை எதுவும் அவற்றில் காணப்படவில்லை.

இன்று நகரத்து இல்லங்களில் கண்ணாடித் தொட்டிக்குள் கடல்நீர் நிரப்பி, பவளமும் மணலும் இட்டு இவ்வுயிர்களை வளர்க்கிறார்கள் அல்லவா? அதன் முன் அரைநாழிகை அமைதியாக அமர்ந்து பாருங்கள். இறால் மணலை ஓயாமல் வெளியே தள்ளும்; நேற்றிருந்த வாசலை இன்று வேறிடத்தில் வைக்கும்; வீடு சரியாக அமைந்ததா என்று கண்ணால் பார்க்க முடியாதவன், திருத்திக்கொண்டுதானே இருப்பான்? ஒரு மீசை மட்டும் உளுவையின்மேல் எப்போதும் இருக்கும். உளுவை வாலை அசைத்தால் இரண்டும் கண்ணிமைக்குமுன் வளைக்குள் மறையும். எப்போதாவது இறால் கொடுக்கைச் சொடுக்கும்போது, தொட்டியின் கண்ணாடிதான் வெடித்துவிட்டது என்று எண்ணி வீட்டார் வாளியும் துணியுமாக ஓடி வருவார்கள். அன்று முதல்தான் இறால் தோண்டுகிறது, உளுவை வாசலில் வாய்பேசாமல் காவல் நிற்கிறது.

இக்கதையைக் கேட்டோர் இல்லங்கள் நிலைபெற்று நிற்க. அவர்தம் மக்கள் ஒருவரும் குறையாமல் வளர்க. நல்லுரை சொல்லுவோர் வாசலில் நிற்க. அவர்கள் சொல் காலத்தே செவியில் ஏறுக. ஏறாத நாளில், மீசையிலேனும் ஓர் அடி விழ அலைகடல் துயில்வோன் அருள்க.