போறன் எண்டு சொன்ன சோளகம்

மலை முழுக்க அணைக்கட்டும் தண்ணியும் கிடக்க, கடலுக்குள்ள எதுக்குக் காத்தாடி எண்டு கேக்கிறாய், அன்ரன். நாலெழுத்துப் படிச்சிட்டாய் எண்டு நான் சொல்லுறதைப் பொய் எண்டாதை. கேள்.

அந்தக் காலத்தில காத்துக்கும் வாய் இருந்தது, முதலைக்கும் வாய் இருந்தது. முதலைக்கு இப்பவும் இருக்குத்தான், பேச்சுத்தான் இல்லை. ஆறுதான் வெளிச்சச் சக்கரத்தைச் சுத்துறது. அந்த வெளிச்சத்தைப் பாத்துத்தான் தோணியள் கடலுக்கடியில கிடக்கிற கல்லுப்பாரில அடிபடாமல் கரைக்கு வரும். மலையில ஆத்தை மறிச்ச கதவுக்கு ஒரு நீர்நாய் காவல்; அவள் திறந்தாத்தான் ஆறு ஓடிச் சக்கரம் சுத்தும். அவளின்ர குட்டியள் கதவுக்குப் பின்னால மடுவில, தண்ணிக்குக் கீழ வாசல் வைச்ச பொந்துக்குள்ள.

ஒரு வருசம் மழை பொய்ச்சுப்போச்சு. கதவைத் திறக்கத் திறக்க மடு வத்தி, பொந்து வாசலுக்கு மேல ஒரு சாண் தண்ணிதான் மிச்சம். கரையில ஒரு முதலை அந்த வாசலையே பாத்துக்கொண்டு கிடந்தது.

"திற அக்கா, வெளிச்சம் மங்குது. தோணிக்காரர் பாவமெல்லே" எண்டுது.

நீர்நாய் ஆத்தோட இறங்கிப் போய்ச் சோளகக் காத்தைக் கேட்டாள். "தம்பி, நீ சும்மாதானே திரியிறாய். கொஞ்ச நாளைக்குச் சக்கரத்தை நீ சுத்து."

"தரையில ஏலாது. பனையும் கூரையும் காலைத் தடக்கும்" எண்டான் சோளகம்.

அது உண்மை. எங்கட பிலோமினான்ர கலியாணப் பந்தலை அவன் தூக்கிக்கொண்டுபோய்ச் சவக்காலை மதிலில போட்டவன். மாப்பிள்ளை அதைப் பாத்திட்டு... சரி, அது வேற கதை.

"கடலுக்குள்ள எனக்கொரு காத்தாடிச் சக்கரம் நட்டுவிடுங்கோ. அங்க தடக்க ஒண்டுமில்லை" எண்டான்.

தோணிக்காரர் நட்டினம். சோளகம் சுத்தினான். நீர்நாய் கதவைச் சாத்தினாள். மடு வத்தாமல் நிண்டுது.

ஒருநாள் பொழுதுபடேக்க சோளகம் மடுவுக்கு மேலால வந்து, "போறன்" எண்டான்.

"ஆரும் அப்பிடிச் சொல்லுவினமே? போட்டு வாறன் எண்டு சொல்லு."

"நான் என்ன உன்ர மருமோனே, முறையா விடைபெற?" எண்டிட்டுப் போட்டான்.

கடலுக்குள்ள சக்கரம் நிண்டுது. வெளிச்சம் மங்கிச்சுது. தோணியள் இன்னும் கரைக்கு வரேல்ல. "கரை தெரியேல்ல" எண்டு ஆக்கள் கூப்பிடுறது மலை மட்டும் கேக்குது. நீர்நாய் பொந்தைப் பாத்தாள், கடலைப் பாத்தாள். கதவைத் திறந்தாள்.

தண்ணி இறங்கி இறங்கி, பொந்து வாசல் தெரிஞ்சுது. முதலை சத்தமில்லாமல் மடுவுக்குள்ள இறங்கிச்சுது. குட்டியள் கத்துதுகள். கடைசித் தோணி இன்னும் பாரைத் தாண்டேல்ல. அவள் கதவைச் சாத்தேல்ல.

அப்ப, சொல்லாமல் கொள்ளாமல் வந்தான் சோளகம். மடுவில அலை எழும்பி வாசலை மூட, முதலை மூக்கைக் கொண்டுபோய்க் கல்லில இடிச்சுது. கடலில சக்கரம் சுத்திச்சுது. நீர்நாய் கதவைச் சாத்தினாள்.

"இனிப் போகேக்க போட்டு வாறன் எண்டு சத்தியம் பண்ணு" எண்டாள்.

"வருவனோ எண்டு எனக்கே தெரியாது. பொய் சொல்லச் சொல்லுறியே?"

அதுவரைக்கும் வாய் திறக்காத ஆறு சொல்லிச்சுது: "அவனை விடு, பிள்ளை. அவன் சுத்தேக்க நான் கதவுக்குப் பின்னால கிடந்து ஊறுறன். அவன் போனா நான் வாறன்."

அண்டையில இருந்துதான், கடலில காத்தாடி சுத்தேக்க மலையில கதவு சாத்திக் கிடக்கிறதும், காத்து விழுந்தாத் திறக்கிறதும்.

அந்தா, சொல்லாமல் வந்திட்டான். எடி மெற்றில்டா, கருவாட்டுப் பாயைச் சுருட்டி உள்ளுக்குக் கொண்டுவா.