சந்தோஷமா, ஐயா?

கோமதிநாயகம் பிள்ளை தென்காசி கோர்ட்டில் தலை நரைக்கும்வரை வக்கீலாக இருந்தவர். நுகர்வோர் வழக்கென்றால் அந்த வட்டாரத்தில் அவர்தான். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிப்பதோடு விட மாட்டார். நாலாவது கால் எங்கே என்று கேட்டவனிடம் நஷ்டஈடும் வாங்கிவிடுவார். அப்பேர்ப்பட்ட மனுஷர், மனைவி உலகநாயகி போய்ச் சேர்ந்த பிறகு ஆடிப்போனார். கடைசியில் குற்றாலம் போகிற வழியில் தோப்புக்குள் குடிசை போட்டிருந்த சடாட்சர சாமியிடம் போய், "என்னையும் சேர்த்துக்கிடுங்க" என்று உட்கார்ந்துவிட்டார்.

சாமிக்கு இவருடைய மூத்த மகன் வயசுதான். அதனால் குரு சீடரை "ஐயா" என்பார். சீடர் குருவை "சாமி" என்பார். பார்க்கிறவர்களுக்குத்தான் குழப்பம், அவர்கள் இருவருக்கும் ஒரு குழப்பமும் இல்லை.

ஒருநாள் மத்தியானம் இருவரும் ஊருக்குள் வந்தார்கள். நல்ல பசி. தேரடிக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டல். வாசல் பலகையில் "இன்று சொதிச் சாப்பாடு" என்று எழுதியிருந்தது.

பிள்ளை ஒரு நிமிஷம் தயங்கினார். கல்யாணம் முடிந்து மாப்பிள்ளைக்குப் போடுகிற விருந்தில் தேங்காய்ப்பால் சொதி இல்லாவிட்டால் அந்தப் பக்கத்தில் சம்பந்தி சண்டையே வரும். உலகநாயகி வைத்தால் தெருவே மணக்கும். அவள் போனதிலிருந்து பிள்ளை சொதியைத் தொட்டதில்லை.

"உள்ளே போவோமா ஐயா?" என்றார் சாமி.

போனார்கள். பரிமாறியவன் பெயர் இசக்கிமுத்து. முப்பது வயசிருக்கும், அதிகம் பேசாத ஆள். பிள்ளை முதல் கவளம் எடுத்து வைத்தார். அவ்வளவுதான், மனுஷர் குனிந்த தலை நிமிரவில்லை. இன்னொரு தரம் சொதி கேட்டார். அதற்குப் பிறகு கேட்கவே இல்லை, இசக்கியே அடுக்களைக்குப் போய்ச் சட்டியின் அடியில் கிடந்த காயையும் வழித்துக்கொண்டு வந்து ஊற்றினான். பிள்ளையின் கண்ணில் நீர் முட்டியது. இஞ்சித் துவையல் காரம் என்பதுபோலத் துண்டால் துடைத்துக்கொண்டார். இசக்கி அதைப் பார்த்தான்.

சாமி கை கழுவ எழுந்து போனார். பில் வந்தது. அடியில் பொடி எழுத்தில் "சேவைக் கட்டணம்" என்று ஒரு வரி. பார்த்ததும் பிள்ளைக்குள் படுத்திருந்த வக்கீல் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணாச்சி, இது என்னது?" என்று கல்லாவிலிருந்த முதலாளியைப் பார்த்துக் கேட்டார்.

"எல்லாக் கடையிலயும் போடுதாங்க சார்."

"எல்லாரும் போட்டா சட்டம் ஆயிருமா? கொடுக்கிறதும் கொடுக்காததும் சாப்பிட்டவன் இஷ்டம். சரி, சேவைக் கட்டணம்னு போட்டிருக்கீங்களே, சேவை செஞ்சவன் கைக்கு இது போகுதா?"

முதலாளி மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார். பிறகு பேனாவால் அந்த வரியை அடித்துக் கொடுத்தார். பிள்ளை சொன்னதில் ஒரு சொல் தப்பில்லை. அத்தோடு எழுந்து வந்திருந்தால் கதையே இல்லை.

இலையை எடுக்க வந்த இசக்கி, பிள்ளையின் பக்கம் குனிந்து மெதுவாக, "சந்தோஷமா, ஐயா?" என்றான்.

ஹோட்டலிலும் ஆஸ்பத்திரியிலும் ஆபீஸ் வாசலிலும் "சந்தோஷமா ஏதாவது பார்த்துக் கொடுங்க" என்று தலையைச் சொறிகிறவர்களைப் பிள்ளை எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறார். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு.

"என்னடே சந்தோஷம்? பில்லுலயும் போடுவீங்க, கையிலயும் கேப்பீங்களோ?"

ஹோட்டலே திரும்பிப் பார்த்தது. முதலாளிக்கு ஏற்கனவே முகம் செத்துப் போயிருந்தது. அந்தக் கோபமெல்லாம் இசக்கி தலையில் விடிந்தது.

"வாடிக்கையாளர்கிட்ட கையேந்தக் கூடாதுன்னு சொல்லியிருக்கேனா இல்லையா? கடைச் சட்டையைக் கழத்தி வச்சிட்டு வீட்டுக்குப் போ. நாளையிலேர்ந்து வராதே."

இசக்கி எடுத்த இலையோடு பின்பக்கம் போய்விட்டான்.

வெளியே தேர் நிழலில் சாமி காத்திருந்தார். பிள்ளை நடந்ததைச் சொன்னார். சொல்லும்போது சூடு கொஞ்சம் தணிந்திருந்தது.

"வேலையை விட்டு அனுப்பணும்னு நான் சொல்லலை சாமி. ஆனாலும் கேக்கேன், சாப்பிட்டவன் காசு கொடுத்த பிறகு பரிமாறினவனுக்குத் தனியா வேற கொடுக்கணுமா, வேண்டாமா?"

"அவர் என்ன கேட்டார் ஐயா?"

"டிப்ஸ் கேட்டான்."

"அது நீங்க சொல்லுதது. அவர் வாயில் வந்த சொல்லை அப்படியே சொல்லுங்க. கோர்ட்டில் சாட்சியை அப்படித்தானே கேப்பீங்க?"

பிள்ளை யோசித்தார். "'சந்தோஷமா, ஐயா?'ன்னான்."

"கொடுங்கன்னு சொன்னாரா?"

"சொல்லலை. ஆனா அது சொல்லாமச் சொல்றதுதானே சாமி."

சாமி பிள்ளைக்குப் பக்கத்தில் வந்து, குனிந்து, இலை எடுக்கிறவர் குரலில் கேட்டார்:

"சந்தோஷமா, ஐயா?"

பிள்ளைக்குச் சட்டியின் அடியில் கிடந்த காயை ஒருவன் வழித்துக்கொண்டு வந்தது ஞாபகத்துக்கு வந்தது. தன் கண் கலங்கியதை அவன் பார்த்ததும் ஞாபகத்துக்கு வந்தது.

"அட பாவி, என்ன காரியம் பண்ணிட்டேன்!" என்று தலையில் அடித்துக்கொண்டார். "ரொம்ப சந்தோஷம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சாமி. உலகநாயகி கையால சாப்பிட்ட மாதிரி இருந்துதேன்னு சொல்லியிருக்கலாமே."

"இன்னும் கடை மூடலையே ஐயா."

பிள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகத் திரும்பினார். கல்லாவுக்கு முன்னால் நின்று, கோர்ட்டில் வாதாடுகிற அதே குரலில், எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்.

"அண்ணாச்சி, அந்தத் தம்பி காசு கேக்கலை. சாப்பாடு பிடிச்சுதான்னு கேட்டான். நான்தான் தப்பா எடுத்துக்கிட்டு தப்பாச் சொல்லிட்டேன். தப்பு என்மேல."

"நீங்கதானே சார் அந்தச் சத்தம் போட்டீங்க?"

"ஆமா, நான்தான். அதை விடச் சத்தமா இப்பச் சொல்லுதேன். நான் சொன்னது தப்பு."

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களில் யாரோ சிரித்தார்கள். பிள்ளைக்குக் காது சிவந்தது. ஆனால் நகரவில்லை. பின்பக்கக் கதவருகே இசக்கி ஹோட்டல் சட்டையைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தான். முதலாளி அவனைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார்.

"ஏலே, சட்டையைப் போடு. ஜன்னலோரத்துக்குச் சோறு கேக்காங்க பாரு."

இசக்கி சட்டையைப் போட்டுக்கொண்டான். பிள்ளை அவன் அருகில் போய், "ரொம்ப சந்தோஷம் தம்பி. மனசு நிறைஞ்சு சாப்பிட்டேன்" என்று சொல்லி, மடியிலிருந்து ஒரு நோட்டை எடுத்து நீட்டினார்.

இசக்கி நோட்டைப் பார்த்தான். அவன் முகத்தில் கோபமில்லை. சிரிப்பும் இல்லை.

"இன்னைக்கு வேண்டாம் ஐயா" என்றான். சோற்று வாளியைத் தூக்கிக்கொண்டு ஜன்னலோரத்துக்குப் போய்விட்டான்.

பிள்ளை நோட்டும் கையுமாக வெளியே வந்தார்.

"வேலை திரும்பக் கிடைச்சிருச்சு சாமி. ஆனா நான் கொடுத்ததை அவர் வாங்கலை. மனசாரத்தான் கொடுத்தேன். வேண்டாம்னுட்டார்." 'அவன்' எப்போது 'அவர்' ஆனான் என்று பிள்ளைக்கே தெரியாது. "அப்போ கொடுக்கணுமா, கூடாதா? எனக்கு இப்பவும் விளங்கலையே."

"கொடுக்கிறதும் கொடுக்காததும் உங்க இஷ்டம்தானே ஐயா?"

"ஆமா சாமி. சட்டமே அப்படித்தான்."

"அப்போ வாங்குறதும் வாங்காததும்?"

பிள்ளை கையிலிருந்த நோட்டைப் பார்த்தார். எத்தனையோ வழக்கில் எதிர்த்தரப்பு வக்கீல்களை இப்படி ஒரே கேள்வியில் மடக்கியவர் அவர். சின்னப் பிள்ளை கேட்பதுபோலக் கேட்டார்.

"இனிமே எப்பவுமே வாங்க மாட்டாரோ சாமி?"

சாமி அவர் கையிலிருந்த நோட்டை வாங்கி, மடித்து, அவர் மடியிலேயே பத்திரமாகச் செருகிவிட்டார்.

"இன்னைக்கு வேண்டாம்னுதானே சொன்னார்? நடங்க ஐயா. நாளைக்கும் நமக்குப் பசிக்கும்."