புள்ளிக்கோழியும் மூன்று பூட்டும்

சிறைச்சாலையில் முப்பத்தொரு வருஷம் வார்டராக இருந்து ஓய்வு பெற்ற கோமதிநாயகம், தன் வீட்டு வாசலுக்கு மூன்று பூட்டுப் போட்டிருந்தார். மூன்றையும் பூட்டி, இழுத்துப் பார்த்துவிட்டுப் படுப்பார். படுத்ததும் சந்தேகம் வரும். எழுந்து போய் மறுபடியும் இழுத்துப் பார்ப்பார். உள்ளே இருந்தவர்களில் எவனாவது ஒருவன் வெளியே வந்து தன்னைத் தேடுவான் என்று அவருக்குப் பயம். அப்படி ஒருவனும் இதுவரை வந்ததில்லை. வராததாலேயே பயம் ஊறிக்கொண்டு போனது.

மலையடிவாரத்தில் மாடத்தியம்மை இருக்கிறாள், போய்ப் பாருங்கள் என்று யாரோ சொன்னார்கள். அம்மை என்று பேரே தவிர, வயது முப்பத்தாறுதான். இவருடைய மகளைவிட இரண்டு வயது இளையவள். அங்கிருந்த அம்மன் கோயிலுக்கு ஜனங்கள் நேர்ந்துவிடும் கோழிகளைப் பார்த்துக்கொண்டு கோயிலை ஒட்டியே குடியிருந்தாள். அந்தக் கோழிகளை அறுக்கக் கூடாது, விற்கக் கூடாது. குஞ்சு பொரித்தால், கேட்டு வருகிற இல்லாதப்பட்ட பெண்களுக்குக் கொடுத்துவிட வேண்டும். அது அந்தக் கோயிலின் வழக்கம்.

கோமதிநாயகம் அவள் முன்னால் கைகட்டி நின்றார். இடுப்பில் மூன்று சாவியும் தொங்கின.

"பயமில்லாம இருக்கதுக்கு என்ன வழி, தாயி?"

"கொஞ்ச நாளு கோழி பாருங்க, அண்ணாச்சி."

மந்திரம் கிடைக்கும் என்று வந்த மனிதர் கையில் தவிட்டுச் சட்டி கிடைத்தது. ஆனாலும் மேலதிகாரி சொன்னால் செய்து பழகிய உடம்பு, மறுபேச்சில்லாமல் இருந்துவிட்டார்.

முதல் அடையில் எட்டுக் குஞ்சு. நாலே நாளில் எட்டையும் பருந்து கொண்டுபோனது. இரண்டாவது அடையில் குஞ்சே இல்லை. கீரி அடியில் பறித்து வந்து முட்டை அத்தனையையும் குடித்துவிட்டுப் போயிருந்தது. ஓடுகளைப் பொறுக்கும்போது கோமதிநாயகம் அழுதுவிட்டார். ஒருத்தரும் பார்க்கவில்லை என்று அவர் நினைத்துக்கொண்டார்.

மழைக்கு முன்னால் அடையில் உட்கார மிச்சமிருந்தது ஒரு புள்ளிக்கோழி மட்டும்தான். இதையும் பறிகொடுத்தால் ஊருக்குப் போய் மூன்று பூட்டுக்குள் படுத்துவிடுவது, பிறகு எழுந்திருப்பதில்லை என்று அவர் தனக்குள் முடிவு கட்டிவிட்டார்.

அதனால் இந்தத் தடவை தனக்குத் தெரிந்த தொழிலைக் காட்டினார். கோழிக்கூட்டுக்கு நாலு பக்கமும் தகரம் அடித்தார். அடியில் செங்கல் பாவினார். விரல் நுழையும் சந்துகூட விடாமல் மண் குழைத்துப் பூசினார். கூடையில் உமி பரப்பி, பதினொரு முட்டை வைத்து, இடிச் சத்தத்துக்கு முட்டை கலங்காமல் இருக்க ஓர் இரும்பாணியும் ஒரு கரித்துண்டும் போட்டு, கோழியை உள்ளே விட்டார். கதவுக்கு ஒரு பூட்டும் போட்டு இழுத்துப் பார்த்தார். தினம் ஒரு தடவை, தீனிக்கு மட்டும் திறப்பு. எறும்புகூட நுழையாது என்று மாடத்தியம்மையிடம் பெருமையாகச் சொன்னார். அவள் கூட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

பதினைந்தாம் நாள் திறந்தபோது கோழி முட்டையை விட்டு இறங்கிக் கதவருகே நின்றது. கொண்டை வெளுத்துப்போயிருந்தது. பிடித்து முட்டை மேல் உட்கார்த்தினார். மறுநாளும் அதே கதை. மூன்றாம் நாள் திறந்த சந்தில் வெளியே பாய்ந்துவிட்டது. முட்டையைத் தொட்டுப் பார்த்தார். சூடு குறைந்திருந்தது.

அம்மையிடம் ஓடினார். இவ்வளவு காவல் போட்டும் இந்தச் சனியன் தப்பி ஓடப் பார்க்கிறது, நன்றி கெட்ட ஜென்மம், இப்படிப்பட்டவர்களை நான் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன் என்று பொரிந்து தள்ளினார். அவள் முட்டைகளை எடுத்துப் பழைய சேலையில் சுற்றி, அடுப்படிக் கதகதப்பில் வைத்தாள்.

"கூட்டுக்குள்ள போயி இருங்க, அண்ணாச்சி."

"நானா?"

"கோழிதான் மாட்டேங்குதுல்லா."

தொந்தியை எக்கிக்கொண்டு கோமதிநாயகம் தவழ்ந்து உள்ளே போனார். அவள் கதவைச் சாத்தி, அவர் பூட்டையே போட்டுவிட்டு, வெளியே உட்கார்ந்து முருங்கைக் கீரை ஆய்ந்தாள்.

உள்ளே இருட்டு. தகரம் கொதித்தது. எச்ச நெடி கண்ணைக் கரித்தது. இதையெல்லாம் அவர் தாங்கிக்கொண்டார். பிறகு பிடரியில் ஏதோ ஊர்ந்தது. காதுக்குள் ஊர்ந்தது. மீசையில் ஊர்ந்தது. தேய்த்துப் பார்த்தால் பொடிப்பொடியாகக் கையில் ஒட்டின. அத்தனையும் செள்ளு, கோழிப்பேன். அவர் பூசிய மண்ணின் வெடிப்புகளிலிருந்தெல்லாம் ஆயிரக்கணக்கில் இறங்கிக்கொண்டிருந்தன. பதினேழு நாளாக அந்தக் கோழியின் ரத்தத்தைக் குடித்தது கீரியல்ல, பருந்துமல்ல.

"தாயி, திறங்க."

"கீரி வந்துரும்லா, அண்ணாச்சி."

"கீரி வந்தா வரட்டும். திறங்க தாயி."

அவள் திறந்தாள்.

அவர் குளிக்கக்கூடப் போகவில்லை. முதலில் இரண்டு பக்கத் தகரத்தைப் பிய்த்தார். உமியை எரித்தார். வெடிப்பெல்லாம் சுண்ணாம்பு அடித்தார். கீரி நுழையாத கம்பிவலையை அந்த இரண்டு பக்கமும் கட்டி, அடிச் செங்கலை மட்டும் அப்படியே விட்டார். காற்றும் வெயிலும் உள்ளே வந்தன. கூட்டுக்கு வெளியே குழி பறித்து, சாம்பலும் காய்ந்த வேப்பிலைப் பொடியும் கொட்டினார். புள்ளிக்கோழி அதில் விழுந்து புரண்டது, சிறகை விரித்துப் போட்டு, ஒரு காலை நீட்டி, கண்ணை மூடிப் புரண்டது. அரைமணி நேரம் கழித்து எழுந்து உதறிக்கொண்டு, யாரும் பிடித்து விடாமல் தானே நடந்துபோய், திரும்ப வைத்த முட்டைகளின் மேல் உட்கார்ந்தது. கோமதிநாயகத்துக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

இருபத்திரண்டாம் நாள் ஒன்பது குஞ்சு பொரித்தது.

பத்து நாள் தாயையும் குஞ்சுகளையும் மூங்கில் பஞ்சாரத்தைக் கவிழ்த்து மூடி வைத்து, பக்கத்திலேயே கம்போடு உட்கார்ந்திருந்தார். பதினொன்றாம் நாள் காலையில் மாடத்தியம்மை வந்து பஞ்சாரத்தைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டாள். அவர் பதறிப்போய் வானத்தைக் காட்டினார். பனைமர உயரத்தில் பருந்து வட்டமிட்டுக்கொண்டிருந்தது.

பஞ்சாரத்தை எடுக்க ஓடினார். அவள் அவர் தோள் துண்டைப் பிடித்துக்கொண்டாள்.

புள்ளிக்கோழி தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் மேலே பார்த்தது. தொண்டைக்குள்ளிருந்து நீளமாக ஒரு சத்தம் கொடுத்தது. அவ்வளவுதான், ஒன்பது குஞ்சும் முள்வேலிக்குள் மறைந்துவிட்டன. பருந்து இறங்கியது. கோழி ஓடவில்லை. இறகெல்லாம் சிலிர்த்து இரண்டு மடங்காகி, தரையிலிருந்து எம்பி, இரண்டு காலாலும் பருந்தின் நெஞ்சில் உதைத்தது. இரண்டும் புழுதியில் உருண்டன. மறுபடியும் எம்பியது, மறுபடியும் உதைத்தது. பருந்து தட்டுத்தடுமாறி மேலே ஏறி, இரண்டு காக்கை துரத்த, மலைப்பக்கம் போய்விட்டது. தரையில் பழுப்பாக மூன்று இறகு கிடந்தன. அவை கோழியின் இறகுகள் அல்ல.

கோமதிநாயகம் விசில் அடித்தார். சிறைச்சாலை விசில், இரண்டு விரலை வாயில் வைத்து. துண்டை மேலே எறிந்து பிடித்தார். அறுபது வயது ஆள் மூக்கு ஒழுக அழுதுகொண்டே சிரித்தார், ஒருத்தர் பார்ப்பதைப் பற்றியும் கவலைப்படவில்லை.

கோழி கொக்கொக்கென்று கூப்பிட்டது. குஞ்சுகள் ஒவ்வொன்றாக வேலிக்குள்ளிருந்து வந்தன. பழைய பழக்கம், அவர் எண்ணினார். ஒன்பது. மறுபடியும் எண்ணினார். ஒன்பதேதான்.

அன்று மத்தியானம் கோயில் வேப்பமரத்தடியில், கதவும் இல்லாமல் பூட்டும் இல்லாமல், குறட்டை விட்டுத் தூங்கினார். வெயில் சாய்ந்த பிறகுதான் எழுந்தார். மாடத்தியம்மை கோழி புரளும் குழியில் புதுச் சாம்பல் கொட்டிக்கொண்டிருந்தாள். அவர் மலைப்பக்கம் ஒரு தடவை பார்த்தார். பழைய பயம் லேசாக எட்டிப்பார்த்தது.

"தாயி, அந்தப் பருந்து நாளைக்கும் வருமே?"

அவள் சட்டியைத் தட்டிக் கவிழ்த்தாள்.

"வரும், அண்ணாச்சி. நாளைக்கு இந்தக் கோழியும் இருக்கும்லா."