மைனாவின் பெயர்ப்பட்டியல்

வைரப்பெருமாளுக்கு அன்று காலை இட்லி இறங்கவில்லை.

செய்தித்தாளை வாசித்துச் சொல்லும் செயலி ஒன்றை மச்சினன் அவர் போனில் போட்டுக் கொடுத்திருந்தான். பெரிய கம்பெனி, பெரிய விளம்பரம். 'முழுக்க முழுக்க எங்கள் சொந்தத் தயாரிப்பு' என்று திறந்தவுடனே தம்பட்டம். அதைக் கேட்டுக்கொண்டே சாப்பிட உட்கார்ந்தவர், மின்தடை அறிவிப்பு வந்ததும் கையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார்.

தாளில் 'து.மி.நி.' என்று இருந்ததை அது 'துணை மின் நிலையம்' என்று அழகாகப் படித்தது. கீழே இருந்த போன் நம்பரில் பூஜ்யம் வந்த இடத்திலெல்லாம் 'சைபர், சைபர்' என்றது.

எந்தக் கம்பெனிக்காரனுக்கு து.மி.நி. தெரியும்? எவன் வீட்டில் இன்னும் சைபர் என்கிறார்கள்? வைரப்பெருமாள் வீட்டில் சொல்வார்கள். அவர் மின்வாரியத்தில் ஃபோர்மேன். வயது ஐம்பத்து நான்கு. மூன்று வருஷமாக, டியூட்டி முடிந்து வந்து குளித்துவிட்டு உட்கார்ந்து, 'மைனா'வுக்கு எண்களையும் சுருக்கங்களையும் படிக்கக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான்.

மைனா என்பது தமிழை வாய்விட்டுப் படிக்கும் மென்பொருள். நாற்பத்தோரு பேர் சேர்ந்து வளர்த்தது. அதில் பாதிப் பேர் ஒருத்தரை ஒருத்தர் நேரில் பார்த்ததுகூடக் கிடையாது. எல்லாம் இணையத்தில் எழுதிக்கொண்டதுதான். அதை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கக்கூடச் செய்யலாம். ஒரே ஒரு நிபந்தனை. ஆக்கியவர்களின் பெயர்ப்பட்டியலை அப்படியே வைத்திருக்க வேண்டும்.

ஒரே ஒரு பக்கம். அதை வைத்தால் என்ன குறைந்துவிடும்?

வைரப்பெருமாள் கையைக்கூடக் கழுவாமல் அந்தச் செயலியைத் துழாவினார். பட்டியல் இருக்க வேண்டிய இடத்தில் முதலாளியின் படம் இருந்தது. கோட்டு, டை, முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரிப்பு. நாற்பத்தோரு பேரில் ஒருத்தர் பெயர் இல்லை. பதினேழாவதாக இருக்க வேண்டிய 'வைரப்பெருமாள், திண்டுக்கல்' இல்லவே இல்லை.

"ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையேன்னானாம்!" என்று கத்தினார். அவர் மனைவி சாம்பார்க் கரண்டியோடு வந்து, யார் வீட்டு நெய் என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அன்றைக்கே கம்பெனிக்கு மின்னஞ்சல் எழுதினார். 'உங்கள் ஆர்வத்துக்கு நன்றி. எங்கள் குடும்பத்தில் நீங்களும் ஒருவர்' என்று இரண்டே நிமிஷத்தில் பதில் வந்தது. மனுஷன் எழுதிய பதில் இல்லை, இயந்திரம் அனுப்பியது. குடும்பமாம், குடும்பம்! பெயரையே அழித்துவிட்டு என்ன குடும்பம்?

மைனாக் குழுவில் போட்டார். குழு பற்றிக்கொண்டது. திட்டினவர்கள் திட்டினார்கள், தீ பொம்மை போட்டவர்கள் தீ பொம்மை போட்டார்கள். புதிதாக வந்த ஒருவர், "விடுங்க சார். ஓப்பன் சோர்ஸ்னாலே அப்படித்தான். ஓசியில கொடுத்தா ஓசியிலதான் எடுப்பான்" என்று எழுதினார். வைரப்பெருமாளுக்கு வந்த ஆத்திரத்தில் போனை ஓங்கினார். நல்லவேளை, தவணை முடியாத போன் என்பது ஞாபகம் வந்தது.

அப்புறம் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார். அந்தக் கம்பெனி எவ்வளவு சோம்பேறி என்றால், திருடிய மைனாவைத் தன்னிடம் பிரதி எடுத்து வைத்துக்கொள்ளக்கூட அதற்கு உடம்பு வணங்கவில்லை. திங்கட்கிழமைதோறும் மைனாவின் பொதுத் தளத்திலிருந்து புதுப் பதிப்பைச் செயலி தானாகவே இழுத்துக்கொண்டிருந்தது. நாம் இங்கே எதை மாற்றினாலும் அங்கே மாறும்.

வைரப்பெருமாள் இரண்டு நாள் லீவு போட்டார். முப்பது வரி நிரல் எழுதினார். மைனாவின் தளத்துக்கு அனுப்பினார். ஆனால் அனுப்பியது எதுவும் டீச்சர் பார்த்துச் சரி சொல்லாமல் மைனாவில் சேராது.

டீச்சர் என்றால் ஷகிலா பானு. பாலிடெக்னிக்கில் ஆய்வகப் பொறுப்பு. மைனாவின் முதல் வரியை எழுதியவர். வைரப்பெருமாளுக்கு நிரல் எழுதவே சொல்லிக்கொடுத்தவர். குருவுக்கு முப்பத்து மூன்று, சிஷ்யனுக்கு ஐம்பத்து நான்கு. அவர் இவரை அண்ணே என்பார், இவர் அவரை டீச்சர் என்பார். இரண்டு பேருக்கும் அதில் ஒரு கஷ்டமும் இருந்ததில்லை.

இரண்டாம் சனிக்கிழமை குழுவினர் பாலிடெக்னிக் ஆய்வகத்தில் கூடுவது வழக்கம். வைரப்பெருமாள் ஒரு மணி நேரம் முன்னாலேயே போய்விட்டார். டீச்சர் தனியாக மடிக்கணினி முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"டீச்சர், ஒண்ணு வந்திருக்குமே. பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"திங்கக்கிழமைக்குள்ள சேத்துடணும் டீச்சர்."

"அது என்ன செய்யும்னு உங்க வாயாலயே சொல்லுங்க. கேக்கிறேன்."

வைரப்பெருமாள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "நம்ம மைனா வேற எங்க இருந்தாலும் ஒழுங்காப் படிக்கும். அந்தத் திருட்டுப்பய செயலிக்குள்ள இருந்தா மட்டும், எந்த நம்பர் வந்தாலும் ஒண்ணு கூட்டிப் படிக்கும். ரெண்டுன்னா மூணும்பா. ஒம்பதுன்னா பத்தும்பா. ஊரே காறித் துப்பும். கடைய மூடிட்டு ஓடட்டும்!"

"ஓட்டிப் பாத்தீங்களா?"

"இல்ல டீச்சர். எழுதினேன், அனுப்பினேன்."

"ஓட்டிப் பாக்காம எதையும் சேக்கமாட்டோமே."

டீச்சர், மைனா அந்தச் செயலிக்குள் இருப்பதாக அதை நம்பவைத்துவிட்டு, அன்றைய செய்தித்தாளில் கண்ணில் பட்ட பெட்டிச் செய்தியைக் கொடுத்தார். மைனா கணீரென்று படித்தது. "பராமரிப்புப் பணி காரணமாக, காலை பத்து மணி முதல் மாலை ஆறு மணி வரை மின்தடை செய்யப்படும்."

தாளில் ஒன்பது முதல் ஐந்து என்று இருந்தது.

வைரப்பெருமாள் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். பாதிச் சிரிப்பில் அவருக்கு என்னவோ போல ஆகிவிட்டது. அது அவருடைய செக்ஷன் அறிவிப்பு. கரன்ட் ஐந்து மணிக்கே வந்துவிடும். அவர்தான் விடுவார். ஆறு வரைக்கும் வராது என்று நம்பி யாராவது ஒயரில் கை வைத்தால்? அவர் அந்த நினைப்பை ஈ விரட்டுவதுபோல விரட்டினார்.

"அதெல்லாம் பேப்பர் பாத்துத் தெரிஞ்சுக்குவாங்க" என்றார்.

அந்தச் செயலியை வாங்கியவர்களில் பாதிப் பேர் பேப்பர் பார்க்க முடியாதவர்கள்தான் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

"உங்களுக்குக் கோபமே வரலையா டீச்சர்?" என்று குரலை உயர்த்தினார் வைரப்பெருமாள். "முதல் வரி நீங்க எழுதினது! உங்க பேரே முதல்ல இருந்தது!"

"வயிறு எரியுதுண்ணே" என்றார் டீச்சர். "மூணு நாளா எங்கம்மாகிட்டகூடச் சரியா பேசல. அந்தாளு பல்லக் காட்டிக்கிட்டு நிக்கிற படத்தப் பாத்துட்டு, வகுப்புல பாவம் ஒரு பிள்ளையத் திட்டிட்டேன். அதான் வக்கீல் ஒருத்தரை வச்சுக் கடுதாசி எழுதினேன். ரெண்டு வாரத்துல பேரைத் திரும்பப் போடு, இல்லாட்டி மைனாவை எடுத்துட்டுப் போ, கோர்ட்டுல பாத்துக்கலாம்னு. குழுவுல போட்டிருக்கேனே, பாக்கலையா?"

"பாத்தேன் டீச்சர். கடுதாசிக்கெல்லாம் திருடன் பயப்படுவானா?"

"நாப்பது பேர் கையெழுத்துப் போட்டிருக்காங்க. உங்களுதுதான் இன்னும் வரலை."

"நான் கவர்மென்ட் வேலையில இருக்கேன். அவன் பெரிய இடம். அவன் மேல குடுக்கிற புகார்ல என் பேரு இருந்து, நாளைக்கு ஆபீஸ்ல கேட்டா என்ன சொல்றது? வம்பை வெலைக்கு வாங்கணுமா?" அவர் கணினித் திரையைச் சுட்டினார். "இதுன்னா ஒரு பய கண்டுபிடிக்க முடியாது. நீங்க அந்தப் பொத்தானை மட்டும் அமுக்குங்க. மிச்சத்த மைனா பாத்துக்கும்."

டீச்சர் கணினியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"சரிண்ணே, சேத்துடலாம்."

வைரப்பெருமாளுக்கே அது எதிர்பாராததுதான்.

"இதுல குறிப்பு எழுதியிருக்கீங்க. 'சில சிறு திருத்தங்கள்'னு. என்ன மாத்தினோமோ அதைத்தானே குறிப்புல எழுதுவோம்?"

"பின்ன, 'குண்டு வச்சிருக்கேன்'னா எழுத முடியும்?" என்று சீறினார். "அவன் மட்டும் எல்லாத்தையும் எழுதிட்டா செஞ்சான்?"

"அதுவும் சரிதான்" என்றார் டீச்சர். விரல் பொத்தானுக்குப் பக்கத்திலேயே இருந்தது. "அனுப்பினவர் பேரு 'சூறாவளி 77'ன்னு இருக்கு. நம்ம குழுவுல அப்படி யாரும் இல்லையே."

"நான்தான் டீச்சர் அது. புதுசாக் கணக்கு ஆரம்பிச்சேன்."

"தெரியும். வரிக்கு வரி நடுவுல நாலு வரி இடம் விட்டு எழுதுறது நம்ம குழுவுலயே நீங்க ஒருத்தர்தான்." டீச்சர் இன்னொரு கோப்பைத் திறந்தார். பெயர்ப்பட்டியல். நாற்பத்தோரு பெயரும் வரிசையாக இருந்தன. பதினேழாவதாக, வைரப்பெருமாள், திண்டுக்கல். "புதுசா ஒருத்தர் அனுப்பினதைச் சேத்தா அவர் பேரையும் இதுல சேக்கணும். நாப்பத்திரெண்டாவதா சூறாவளி 77. எந்த ஊருன்னு போடட்டும்?"

"அதைப் போடாதீங்க டீச்சர். தோண்டினா என்கிட்ட வந்து நிக்கும்."

"அப்ப பதினேழாம் நம்பர் அனுப்பினதுன்னு எழுதிக்கிறேன். வைரப்பெருமாள், திண்டுக்கல்."

"ஐயையோ, வேணவே வேணாம்!"

"யார் பேரும் இல்லாம மைனாவுல ஒரு வரிகூடச் சேந்ததில்லைண்ணே."

வைரப்பெருமாளுக்குக் கண் கலங்கியே விட்டது. "மூணு வருஷம் டீச்சர்! பொங்கலு, தீபாவளி பாக்கல. மக கல்யாண வேலைக்கு நடுவுலகூட, மண்டப வாசல்ல நின்னு, 'தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்பது' சரியா வருதான்னு கேட்டுக்கிட்டிருந்தேன். யார்கிட்டயாவது ஒத்தப் பைசா வாங்கினேனா? என் பேரு ஒண்ணுதான் அதுல இருந்தது. அதைப் போயி எடுத்துட்டானே, பாவி! எப்படி டீச்சர் மனசு வந்துச்சு அவனுக்கு?"

டீச்சர் கணினியை மெல்ல அவர் பக்கமே திருப்பி வைத்தார். திரையில் அவர் எழுதிய முப்பது வரியும், மேலே 'சூறாவளி 77'உம் இருந்தன.

"அதுல உங்க பேரை அவன் எடுத்தான்" என்றார். "இதுல யாருண்ணே எடுத்தது?"