சாப்பிட்டுவிட்டுக் கொடுத்த ரத்தம்

அங்கமுத்து முப்பத்தொரு வருடம் அரசுப் பேருந்து ஓட்டியவர். ஓய்வு பெற்று, மனைவியும் போன பிறகு, மலையடிவாரத்தில் இருந்த பூரணியம்மாவின் ஆசிரமத்துக்கு வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு அறுபத்தெட்டு வயது. குருவுக்கு நாற்பத்தாறு. இருவரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

விடியற்காலைத் தியானத்தில் கடைசி வரிசையில் உட்காருவார். எட்டு மணிக்கு ஆசிரமத்து வேனில் சுற்றுவட்டாரக் குழந்தைகள் பதினாலு பேரை ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வருவார்.

ஆடி மாதத்தில் ஒரு நாள், தினமும் கடக்கிற முச்சந்தியில் அவர் வண்டியை நிறுத்தினார். எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியவில்லை. மூன்று சாலைகளும் முதல்முறை பார்ப்பதுபோல் இருந்தன. தாத்தா விளையாடுகிறார் என்று குழந்தைகள் சிரித்தார்கள். இந்தப் பக்கம், இந்தப் பக்கம் என்று கை காட்டினார்கள். அவர்கள் காட்டிய பக்கம் திரும்பினார். பள்ளிக்கூடம் வந்தது.

அவர் யாரிடமும் சொல்லவில்லை. அவருடைய மனைவி கடைசி மூன்று வருடம், நீங்கள் யார் என்று அவரையே கேட்டுக்கொண்டிருந்தவள்.

உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு டவுனுக்குப் போய் நரம்பு டாக்டரைப் பார்த்தார். சின்னச் சின்ன மறதி என்றார். முச்சந்தியைப் பற்றிப் பேசவில்லை. டாக்டர் சில கேள்விகள் கேட்டார், ஒரு கடிகாரம் வரையச் சொன்னார், பிறகு ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். மறதி நோய் தொடங்கினால் ரத்தத்தில் ஒரு புரதம் கூடும் என்றும், அது ஒன்றை வைத்தே முடிவு கட்ட முடியாது, ஆனாலும் ஒரு தடயம் கிடைக்கும் என்றும் விளக்கினார். முடிவு தெரியும்வரை வண்டி ஓட்ட வேண்டாம் என்றார்.

அங்கமுத்து வெறும் வயிற்றோடு போனார். ரத்தம் எடுத்த பெண், ஏதாவது சாப்பிட்டீர்களா என்று கேட்டாள். இல்லை, ஏன் என்றார். சாப்பிட்டிருந்தால் இந்த அளவு கொஞ்சம் இறங்கிக் காட்டலாம், அதற்காகத்தான் என்று சொல்லிக்கொண்டே ஊசியைச் செலுத்தினாள்.

முடிவு, நோய் என்று சந்தேகிக்க வேண்டிய அளவுக் கோட்டுக்கு மேலே இருந்தது. மிகக் கொஞ்சம்தான். பத்து நாள் கழித்து இன்னொரு முறை எடுத்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர்.

இரண்டாவது முறை, அங்கமுத்து முதலில் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த ஓட்டலுக்குள் நுழைந்தார். பொங்கல், வடை, அதற்கு மேல் இரண்டு பூரி. பசி இல்லாமலேயே தின்றார். இலையை மடித்துவிட்டு நேராகப் போய், பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை என்று அதே பெண்ணிடம் சொன்னார்.

இந்த முறை கோட்டுக்குக் கீழே இருந்தது. டாக்டர் இரண்டு தாள்களையும் பார்த்துவிட்டு, இப்போதைக்கு வண்டி ஓட்டலாம், ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்றார்.

ஆசிரமத்துக்குத் திரும்பி, இடையில் வேறொருவர் வைத்திருந்த வேன் சாவியைத் திரும்ப வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நாளைக் காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் அந்த முச்சந்தி வரும் என்று நினைத்தார். தாள்களை எடுத்துக்கொண்டு குருவைத் தேடிப் போனார்.

பூரணியம்மா கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தார். அங்கமுத்து தாள்களை நீட்டினார்.

"கை ஈரமா இருக்கு. நீங்களே படிங்க."

படித்தார். பிறகு கேட்டார்.

"ரெண்டும் ரெண்டு விதமா சொல்லுதும்மா. எதை நம்புறது?"

"நடுவுல என்ன மாறுச்சு?"

அங்கமுத்து தாள்களை மடித்துப் பையில் வைத்தார். பிறகு முச்சந்தியில் ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னார். குழந்தைகள் சிரித்தது, அந்தப் பெண் சொன்னது, பொங்கல், பூரி, பொய். பூரணியம்மா ஒரு புடவையைப் பிழிந்து உதறிக் கொடியில் போட்டுவிட்டு வந்தார்.

"யாருக்குத் தெரியக் கூடாதுன்னு சாப்பிட்டீங்க?"

"டாக்டருக்கு."

"டாக்டர் அந்த வேன்ல வர்றாரா?"

அங்கமுத்து பையிலிருந்து சாவியை எடுத்துத் துவைக்கிற கல்லின் ஓரத்தில் வைத்தார். பூரணியம்மா அடுத்த துணியை எடுத்தார்.

மறுநாளிலிருந்து பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் வேனை ஓட்டினார். அங்கமுத்து அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போனார். குழந்தைகளுக்குக் கதவைத் திறந்துவிட்டார். முச்சந்தி வரும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டார்.

அந்த வாரமே டாக்டரிடம் போய், சொல்லாமல் விட்டதையும் மாற்றிச் சொன்னதையும் ஒப்புக்கொண்டார். டாக்டர் கோபப்படவில்லை. ராத்திரிச் சாப்பாட்டோடு நிறுத்திக்கொண்டு வந்து மறுபடியும் ரத்தம் கொடுக்கச் சொன்னார். மூளையை ஸ்கேன் எடுக்கவும் எழுதினார்.

மூன்றாவது முறை பூரணியம்மாவும் கூட வந்தார். பேருந்தில் பாதி வழியில்தான், அவரும் காலையில் எதுவும் சாப்பிடவில்லை என்பதை அங்கமுத்து கவனித்தார். ஏனென்று கேட்டார். பக்கத்தில் உட்கார்ந்து ஏப்பம் விட மனசு வரவில்லை என்றார் பூரணியம்மா.

அதே பெண் அதே கேள்வியைக் கேட்டாள். அங்கமுத்து இல்லை என்றார். சொன்ன பிறகு அவளை நிமிர்ந்து பார்த்தார். போன முறை பொய் சொன்னேன் என்றார். அவள் ஒரு சின்னக் குழாய் நிறைய ரத்தம் எடுத்தாள். முடிவு வர ஒரு வாரம் ஆகும் என்றாள்.

வெளியே படிக்கட்டில், கையில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி அவர் நின்றார். கீழே சாலையில் பேருந்துகள் போய்க்கொண்டிருந்தன.

"அம்மா, என் வீட்டுக்காரி கடைசியில என்னையே மறந்துட்டா. எனக்கும் அப்படி ஆனா, உங்ககிட்ட வந்து கத்துக்கிட்டதெல்லாம் போயிடுமா?"

"போகலாம்."

அந்தப் பதிலை அவர் எதிர்பார்க்கவில்லை. பஞ்சை எடுத்துப் பார்த்தார். ரத்தம் நின்றிருந்தது.

"அப்போ முடிவு வர்ற வரைக்கும் நான் என்ன பண்ணணும்?"

பூரணியம்மா படியிறங்கத் தொடங்கியிருந்தார்.

"வாங்க, சாப்பிடலாம். எடுத்த ரத்தம் இனிமே மாறாது."