ஒன்றுக்குப் பத்து

பூங்கோதை அம்மாவுக்கு வயசு முப்பத்தாறு. அவர் சீடர் இன்பராசுக்கு ஐம்பத்திரண்டு. மடத்தில் இதை யாரும் பெரிசாக எடுத்துக்கொண்டதில்லை.

இன்பராசுக்குப் பேரூராட்சியில் வேலை. ஊர் மரங்களெல்லாம் அவர் பொறுப்பு. எதை வெட்டணும் என்றாலும் அவர் கையெழுத்து வேண்டும். ஒன்றை வெட்டுமுன் பத்து நட்டு வளர்த்திருக்கணும். அதுதான் அந்த ஊர்ச் சட்டம்.

ஒரு நாள் உச்சிவெயிலில் மடத்துக்கு வந்தார். சட்டைப் பையில் ஒரு தாள்.

"பஸ் ஸ்டாண்டு வாகை மரத்தை வெட்டப் போறாங்கம்மா. ரோட்டை அகலப்படுத்தணுமாம். மூணு மணிக்குள்ள நான் கையெழுத்துப் போடணும்."

"போடுங்க."

"பத்துக் கன்னு ஏற்கெனவே வச்சாச்சு. சட்டப்படி சரிதான். ஆனா கை வர மாட்டேங்குது. ஏம்மா?"

அம்மா செருப்பை மாட்டிக்கொண்டார். "அந்தப் பத்தைக் காட்டுங்க."

பஸ் ஸ்டாண்டில் வாகை விரிந்து நின்றது. அடியில் அடைக்கலத்தின் துணி தேய்க்கிற வண்டி. பதினெட்டு வருசமாக அதே இடம். மரம் போனால் அவருக்கு அந்த ரோட்டில் நிற்க வேறு நிழல் இல்லை.

எதிர்ப்பக்கம் வரிசையாகப் பத்துக் கம்பிக்கூண்டு. உள்ளே பத்துக் குச்சி. ஒன்றில்கூட இலை இல்லை.

"எப்ப வச்சது?"

"போன ஆடியில. விழா வச்சு நட்டோம்."

"அதுக்கு முந்தின ஆடியில?"

"இதே குழியிலதான். அதுவும் காஞ்சு போச்சு."

"தண்ணி?"

"வாரம் ரெண்டு லாரிம்மா. அதுல பொய்யில்ல. மண்ணு சரியில்ல. ஆடு வேற கடிச்சிருது."

அடைக்கலம் சிரித்துவிட்டார். "ஆட்டை ஏன் சார் வம்புக்கு இழுக்கிறீங்க? கூண்டுக்குள்ள நுழைய அது என்ன எலியா?"

"தோண்டுங்க," என்றார் அம்மா.

"ஆளைக் கூப்பிடுறேன்மா."

"நீங்க."

இன்பராசு டீக்கடையில் மண்வெட்டி இரவல் வாங்கி வந்தார். பஸ்ஸுக்கு நின்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். நாலு வெட்டில் கறுப்பாக ஏதோ தட்டுப்பட்டது. நர்சரிப் பை. கிழிக்கவே இல்லை. வேர் வெளியே போக வழியில்லாமல் பைக்குள்ளேயே சுற்றிச் சுற்றி முறுக்கிக் கிடந்தது.

"இன்னும்."

அதற்கு அடியில் இன்னொரு பை. அதற்கும் அடியில் இன்னொன்று. காய்ந்த குச்சியை மட்டும் ஒடித்துப் போட்டுவிட்டு, அதன் தலைமேலேயே அடுத்ததை வைத்திருந்தார்கள்.

"பையோட வச்சது யாரு?"

"கூலி ஆளுங்க..."

அம்மா பையை எடுத்து அவர் கையில் கொடுத்தார். இன்பராசு கையிலிருந்த பையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான்தான்மா வைக்கச் சொன்னேன்." குரல் இறங்கிவிட்டது. "பையைக் கிழிச்சா மண்ணு உதிருது. கன்னு சாயுது. போட்டோவுல கோணலாத் தெரியுது. பெரிய ஆளுங்க அரை மணி நேரம்தான் நிப்பாங்க. அதுக்குள்ள பத்தும் நிமிர்ந்து நிக்கணும்."

"கூலி ஆளுங்க என்ன சொன்னாங்க?"

"செத்துரும் சார்னாங்க. உன் வேலையைப் பாருன்னேன்."

அடைக்கலம் இப்போது சிரிக்கவில்லை.

"மூணு வருசமா விழா அன்னிக்குக் காலையில உங்க வெள்ளைச் சட்டைக்கு நான்தான் சார் பெட்டி போட்டேன். இந்த மரத்தடியிலதான்."

கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். இன்பராசால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அந்தக் கசங்காத சட்டையில்தான் ஒவ்வொரு ஆடியிலும் மேடையில் கும்பிட்டிருக்கிறார்.

தாளை எடுத்தார். வேர்வையில் நனைந்திருந்தது. 'பத்து மரக்கன்றுகள் நட்டு நல்ல முறையில் வளர்க்கப்பட்டு வருகின்றன' என்று டைப் அடித்திருந்தது. விரல் பட்ட இடமெல்லாம் மண் ஒட்டியது.

"அம்மா, நாளைக்கே புதுக் கன்னு கொண்டாறேன். என் கையால பையைக் கிழிச்சு நடுறேன். அதுக்கப்புறம் போடலாமா?"

அம்மா வாகையைப் பார்த்தார். அப்புறம் வெயிலில் திறந்து கிடந்த குழியைப் பார்த்தார்.

"நடுங்க. என்னைக்காவது ஒரு நாள் அடைக்கலம் யாரும் சொல்லாம அவராவே வண்டியை அந்தக் கன்னோட நிழலுக்குத் தள்ளிட்டு வருவாரு. அன்னிக்கு இந்தத் தாளைக் கொண்டாங்க."