பண்டிதர் குடித்த தைரியம்

என் மூத்த மகன் குவாஹாத்தியில் வேலையாயிருந்தபோது நானும் போய்ச் சில நாள் தங்கியிருந்தேன். தை மாதத்து பிஹு பண்டிகை முடிந்த மறுநாள், வீட்டுக்காரம்மா கிரண்பாலா பைதேவ் எனக்கு இந்தக் கதையைச் சொன்னார். பைதேவ் என்றால் அங்கே அக்கா. கடவுள் அவரைச் சுகமாக வைக்கட்டும்.

அஸ்ஸாமில் ஒரு ராஜா. அவர் சபையில் பூமிதர் என்று ஒரு குறும்புக்காரர். தன் பாஷைக்கு அகராதி எழுதுவதுதான் அவருக்கு உயிர். அகில் மரப்பட்டையைச் சீவித் தேய்த்து, அதில் வார்த்தை வார்த்தையாக எழுதியே பாதி ஆயுசைக் கரைத்திருந்தார்.

ஒருநாள் பக்கத்து ராஜ்யத்திலிருந்து வாசஸ்பதி பண்டிதர் வந்தார். பட்டைகளைப் புரட்டினார். உதட்டைப் பிதுக்கினார்.

"மகாராஜா, இது தனி பாஷையே இல்லை. எழுத்தெல்லாம் எங்கள் எழுத்து. 'ர'வுக்கு நாங்கள் புள்ளி வைக்கிறோம், இவர்கள் கோடு இழுக்கிறார்கள். அவ்வளவுதான்! சபையில் எங்கள் பாஷையே இருக்கட்டும். இதை அடுப்பில் போடுங்கள், குளிருக்காவது ஆகும்."

ராஜாவுக்கு அண்டை நாட்டு உறவு பெரிசு. "என்ன பூமிதரே, பதில் உண்டா? இல்லையென்றால் அடுப்புதான்."

பூமிதர் கைகூப்பி எழுந்தார். பயத்தை முகத்தில் காட்டுவாரா?

"இரண்டும் ஒன்றுதான் என்கிறாரே, இன்று நம் பாஷையிலேயே பேசட்டும் மகாராஜா. அவர் எதைக் கேட்டாலும், காதில் விழுந்தபடியே கொண்டுவரப் பணியாட்களுக்கு உத்தரவு போடுங்கள்."

"ஆகட்டும்."

பூமிதர் ஒரு பட்டையை நீட்டினார். "இதைப் படியுங்கள் சுவாமி. சபையேறி வாதாட இதுதானே வேண்டும்?"

எழுதியிருந்த வார்த்தைக்குத் தைரியம் என்று பொருள். அதன் முதலெழுத்து அவர்களுக்குத் தொண்டையிலிருந்து வரும், நம் 'அஃது'வில் வருகிற ஃ மாதிரி. 'ஃகாஹ்' என்று சொல்ல வேண்டும். பண்டிதர் நாக்கில் வந்ததோ வெறும் 'ச'.

"சாஹ்! இதென்ன பிரமாதம்? எனக்கு வேண்டியது சாஹ்!"

உடனே ஆவி பறக்க ஒரு கிண்ணம் தேநீர் வந்தது. அந்த ஊரில் 'சாஹ்' என்றால் தேநீர்!

ராஜா கொடுத்ததை மறுக்கலாமா? பண்டிதர் குடித்தார். "யார் இதைக் கேட்டது? நான் கேட்டது சாஹ்!"

இன்னொரு கிண்ணம்.

"அட மூடர்களே, சாஹ்! சாஹ்!"

இரண்டு கிண்ணம்.

"நன்றாகக் குடியுங்கள் சுவாமி, வெட்கப்படாதீர்கள்" என்று உபசரித்தார் பூமிதர்.

பண்டிதருக்கு வயிறு முட்டியது. நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. கடைசியில் அகராதிப் பட்டைகளையே பிடுங்கி, புரட்டு புரட்டென்று புரட்டி, தைரியம் என்ற அந்த வார்த்தையில் விரலை வைத்தார்.

"இந்தத் தேநீர் வேண்டாம் ஐயா! நான் சொன்னது இந்த வார்த்தை. அது வேறு, இது வேறு!"

"கேட்டீர்களா மகாராஜா? வேறு என்று அவரே சொல்லிவிட்டார். இந்தப் பட்டைகளை அடுப்பில் போட்டிருந்தால், பாவம், எதைக் காட்டித் தப்பித்திருப்பார்?"

ராஜா விலா நோகச் சிரித்தார். "அடுப்பில் இனித் தேநீர் மட்டும் கொதிக்கட்டும்!" என்று சொல்லி, அகராதியை முடிக்க ஓர் அகில் தோப்பையே பூமிதருக்குக் கொடுத்தார்.

பண்டிதர் நெளிந்துகொண்டே பூமிதர் காதோடு கேட்டார். "கொல்லைப்புறம் எந்தப் பக்கம் ஐயா?"

"அவசரப்படாதீர்கள் சுவாமி. அதற்கும் எங்கள் பாஷையில் தனி வார்த்தை இருக்கிறது. அகராதியைப் பார்த்துச் சொல்கிறேன்."

சரி, கதை முடிந்தது. யாராவது எழுந்துபோய் டீக்குத் தண்ணீர் வையுங்களேன்.